ஏழு விநாடிக்குள் என்ன செய்வது: 25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்கான திட்டமும் மனத்தயாரிப்பும்

25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் மொத்தம் அறுபது குண்டுகள். முதல் முப்பதை நிதானமாகச் சுடலாம். அடுத்த முப்பதும் விரைவுச் சுற்றுக்கு உரியவை. ரேஞ்சில் (சுடும் களத்தில்) அனைவரும் இவற்றைப் பிரிசிஷன், ரேப்பிட் என்றே அழைப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். பாலக்காட்டின் தமிழக எல்லையோரமான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து இந்த விளையாட்டுக்கு வரும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்கியவர்கள். அங்கே அறுபது குண்டுகளுக்கு 75 நிமிடம் கிடைக்கிறது. அதாவது ஒரு குண்டுக்கு ஒன்றேகால் நிமிடம். மனம் அலைந்தால் கையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கலாம். ரேப்பிடில் அதற்கு இடமில்லை. பச்சை விளக்கு 3 விநாடி எரியும். செங்குத்திலிருந்து 45 டிகிரிக்கு மேற்படாமல் தாழ்ந்திருந்த கை அதற்குள் உயர்ந்து, குறி அமைந்து, குண்டு வெளியேறியிருக்க வேண்டும். பிறகு 7 விநாடி சிவப்பு. ஐந்து குண்டுகள் கொண்ட ஒரு சீரிஸில் இது ஐந்து முறை நடக்கும்.

பயிற்சியின்போது எல்லோரும் அந்த 3 விநாடியைப் பற்றியே பேசுகிறார்கள். என் பார்வையில் ஸ்கோரைத் தீர்மானிப்பது சிவப்பு எரியும் 7 விநாடிதான். பச்சை எரியும்போது யோசிக்க நேரமில்லை. யோசிக்க வேண்டியவை அனைத்தும் அதற்கு முன்பே யோசிக்கப்பட்டு, எழுதப்பட்டு, மனத்துக்குள் பலமுறை நடத்திப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

பெண்களுக்கான ஒலிம்பிக் போட்டியான 25 மீட்டர் பிஸ்டலும், ஆண்கள் சுடும் சென்டர் ஃபயர் பிஸ்டலும் இதே அமைப்பில் நடப்பவை. 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளிகள் எடுத்துத் தங்கம் வென்றது சென்டர் ஃபயரில்தான். அவரிடம் பயிற்சி பெற்ற மனு பாகர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 25 மீட்டரில் நான்காம் இடம் பெற்றார். விஜய் குமார் 2012 லண்டனில் வெள்ளி வென்ற ரேப்பிட் ஃபயர் பிஸ்டலில் ஐந்து டார்கெட்டுகளில் ஐந்து குண்டுகளை 8, 6, 4 விநாடி என்று குறைந்துகொண்டே வரும் நேரத்துக்குள் சுட வேண்டும். ஸ்டாண்டர்டு பிஸ்டலில் 150, 20, 10 விநாடி என்ற கணக்கு. நேரம் மாறினாலும் தயாரிக்கும் முறை ஒன்றே என்பதால், இங்கே 25 மீட்டர் பிஸ்டலையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதலில் எழுத வேண்டிய எண்

திட்டம் என்றவுடன் மனத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது வழக்கம். நான் க்ளிக் கணக்கிலிருந்து, அதாவது துப்பாக்கியின் பின்புறக் குறிச்சாதனமான பின்சைட்டின் திருகை எத்தனை படி திருப்புவது என்பதிலிருந்து தொடங்கச் சொல்வேன். அது சரியாக இல்லாவிட்டால் எந்த மன உறுதியும் உதவாது.

பிரிசிஷன் டார்கெட்டில் கருவட்டத்தின் விட்டம் 200 மில்லிமீட்டர். பத்தாம் வளையம் 50 மில்லிமீட்டர். ரேப்பிட் டார்கெட்டில் ஐந்து முதல் பத்து வரையிலான வளையங்கள் முழுவதுமே கறுப்பு. அதன் விட்டம் 500 மில்லிமீட்டர், பத்தாம் வளையம் 100 மில்லிமீட்டர். பிரிசிஷனில் பலர் கருவட்டத்துக்குக் கீழே, வெள்ளைப் பகுதியில் முன்சைட்டை (குழலின் நுனியிலுள்ள குறிமுள்ளை) நிறுத்திக் குறி வைக்கிறார்கள். ரேப்பிடில் அப்படி நிறுத்த ஒரு கீழ் விளிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லை. கறுப்பின் நடுவிலேயே குறி வைத்தாக வேண்டும். பிரிசிஷனில் மையத்துக்கு 12 சென்டிமீட்டர் கீழே குறி வைத்தவர் பின்சைட்டை மாற்றாமல் ரேப்பிடில் மையத்தில் குறி வைத்தால், மிகச் சுத்தமாகச் சுட்ட குண்டும் 12 சென்டிமீட்டர் மேலே ஏறி எட்டாம் வளையத்தில்தான் விழும். ஒரு க்ளிக் 25 மீட்டரில் 10 மில்லிமீட்டர் நகர்த்தும் துப்பாக்கியானால், 12 க்ளிக் கீழே இறக்க வேண்டும். துப்பாக்கியோடு வந்த கையேட்டில் க்ளிக் அளவு இருக்கும். ஆனாலும் அதை நம்பி நின்றுவிடாமல், பயிற்சியில் ஐந்தைந்து குண்டுகளாகச் சுட்டுச் சரிபார்த்து, எத்தனை க்ளிக், எந்தத் திசை என்ற இரண்டையும் நோட்டில் மையால் எழுதிக்கொள்ளுங்கள். போட்டி நாளில் பிரிசிஷன் முடிந்த பதற்றத்தில் திருகைத் தவறான பக்கம் திருப்புவது நன்றாகத் தேறியவர்களுக்கும் நேர்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் தரப்படும் ஐந்து சோதனைக் குண்டுகள், இந்த எண் சரிதானா என்று பார்ப்பதற்குத்தான். கணக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு அவை போதா. இரு சுற்றுகளிலும் மையத்திலேயே குறி வைத்தால் இந்தச் சிக்கல் எழாது என்று சில கோச்சுகள் சொல்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் அப்படிப் பழகலாம். ஆனால் கீழ்க்குறியில் கை பழகிவிட்ட ஒருவரைப் போட்டி நெருங்கும் மாதத்தில் மாற்றச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

பிரிசிஷன் சுற்றுக்கு

இங்கே நேரம் தாராளம். ஐந்து குண்டு கொண்ட ஒரு சீரிஸுக்கு நிமிடக்கணக்கில் அவகாசம் உண்டு. எனவே திட்டமும் எளிது. ஒரே ஒரு முடிவை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்: எப்போது சுடாமல் கையை இறக்குவது? குறி அமைந்த பின் ஏழெட்டு விநாடிக்குள் குண்டு போகவில்லையென்றால், கண் களைக்கத் தொடங்கும், முன்சைட்டின் கூர்மை மங்கும், கையின் நடுக்கம் கூடும். அந்த நிலையில் ‘இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அமைந்துவிடும்’ என்று தோன்றுவதை நம்பக் கூடாது. கையை இறக்குவது தோல்வியல்ல, திட்டத்தின் ஒரு பகுதி என்று நோட்டிலேயே எழுதி வைத்திருப்பவர் தயங்காமல் இறக்குவார். அப்படி எழுதாதவர் அந்த நொடியில் தன்னோடு வாதிட்டுக்கொண்டே டிரிகரை இழுத்துவிடுவார்.

நம் பகுதிக்கே உரிய ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருப்பதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் பலத்த காற்று வீசும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். 25 மீட்டரில் காற்று குண்டை நகர்த்துவது சிறிதளவே. நீட்டிய கையையும் தோளையும் அது தள்ளுவதுதான் பெரிய தொல்லை. திறந்த இடத்தில் பயிற்சி செய்பவர் அந்தத் தள்ளலை எதிர்த்து உடலை இறுக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறார். அதே இறுக்கத்தோடு திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு போன்ற பெரிய ரேஞ்சில் போய் நின்றால் தோள் வீணாகக் களைக்கும். ஆகவே காற்றுக் காலப் பயிற்சியில், வேகமான வீச்சு தணியும் வரை கையை இறக்கிக் காத்திருப்பதைப் பழகுங்கள். இது மேலே சொன்ன கையிறக்கும் முடிவுக்கும் நல்ல பயிற்சி.

ரேப்பிட் சுற்றுக்கு

ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையிலான நேரத்தை ஒவ்வொரு விநாடியாகப் பிரித்து, அதில் உடல் என்ன செய்யும், கண் எங்கே இருக்கும், மனத்தில் என்ன சொல் ஓடும் என்று முழு வாக்கியங்களில் எழுதுவதுதான் ரேப்பிடுக்கான திட்டம். ‘நன்றாகக் கவனிக்க வேண்டும்’ என்பது போன்ற அறிவுரைகள் இதில் வரக் கூடாது. நான் பயிற்சிக்கு வருபவர்களை எழுதச் சொல்லும் விதம் இப்படி இருக்கும்:

“குண்டு போனது. முன்சைட் எழும்பி மறுபடி வந்து அமர்வதைக் கண் பார்த்தது. விளக்கு சிவப்பு. விரல் தளர்கிறது, பிடி தளரவில்லை. கை அவசரமில்லாமல் கீழே வருகிறது, மணிக்கட்டு அசையவில்லை. குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் திரையைப் பார்க்கவில்லை. மூக்கு வழியாக ஒரு மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது. இன்னொன்று உள்ளே, பாதி வெளியே, அங்கேயே நிற்கிறது. கண் கறுப்பின் நடுவில், முன்சைட் வந்து நிற்கப்போகும் உயரத்தில் காத்திருக்கிறது. மனத்தில் ‘முள்’ என்ற ஒரு சொல். பச்சை. கை உயர்கிறது, உயரும்போதே விரல் டிரிகரின் முதல் தளர்வை எடுத்துவிடுகிறது. கை நிற்பதற்குச் சற்று முன்பே கண் முன்சைட்டுக்கு வந்துவிட்டது. அதன் இருபுறமும் ஒளிக்கீற்று சமமாக இருக்கிறது. அழுத்தம் நிற்காமல் கூடுகிறது. குண்டு போனது.”

இதைப் படித்துப் பார்த்தால், எழுத்தின் பாதிக்கு மேல் சிவப்பு விளக்கின் நேரத்துக்கே செலவாகியிருப்பது தெரியும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். 7 விநாடி என்பது சும்மா நிற்பவருக்கு மிக நீளமான நேரம். போன குண்டு எங்கே விழுந்தது, மொத்தம் எவ்வளவு ஆகும், பக்கத்து லேனில் நிற்பவர் எப்படிச் சுடுகிறார் என்று மனம் மூன்று ஊர் சுற்றி வருவதற்கு அது தாராளமாகப் போதும். செய்ய வேண்டிய வேலைகளால் அந்த நேரம் நிரம்பியிருந்தால், அலைவதற்கு இடம் இருக்காது. மூச்சை எண்ணி வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். சிவப்பின் நடுவே இரண்டு மூச்சு என்று தீர்மானித்தவருக்கு விளக்கு எப்போது மாறும் என்பதை உடலே சொல்லிவிடும். கடிகாரத்தை மனத்தில் எண்ண வேண்டியிராது.

அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘இழுத்துவிடாதே’, ‘நடுங்காதே’ என்பவை வேண்டாம். எதைச் செய்யக் கூடாதோ அதையே அவை நினைவூட்டும். செய்ய வேண்டிய ஒன்றின் பெயராக, ஓரிரு எழுத்துகளில் முடிவதாக அது இருக்கட்டும். நம் எல்லைப்புறத்தில் கோச் மலையாளத்தில் பேசுவார், ரேஞ்ச் கட்டளைகள் ஆங்கிலத்தில் வரும், வீட்டில் தமிழ். மனத்துக்குள் சொல்லும் சொல் வீட்டு மொழியில் இருப்பதே நல்லது. நெருக்கடியில் முயற்சியின்றி வருவது அதுதான்.

குண்டு எந்த விநாடியில் போக வேண்டும் என்பதிலும் தெளிவு தேவை. 3 விநாடி இருக்கிறதே என்று கடைசி அரை விநாடிவரை குறியைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள், விளக்கு மாறும் பயத்தில் விரலைச் சடாரென்று இழுத்துக் குண்டைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். விளக்கு மாறிய பின் போனால் அது பூஜ்யம். கை உயர்ந்து நிற்க ஒன்றேகால் விநாடி, அழுத்தம் முடிய இன்னொரு விநாடி என்று பழகினால் குண்டு இரண்டேகால் விநாடிக்குள் போய்விடும், கையிருப்பாகக் கொஞ்சம் நேரமும் மிஞ்சும். ஐந்து குண்டும் ஒரே தாளத்தில் போக வேண்டும். முதல் குண்டு மட்டும் தாமதமாவது மிகப் பொதுவான குறை. ‘அட்டென்ஷன்’ கட்டளைக்குப் பின் வரும் முதல் 7 விநாடியை மற்ற நான்கு இடைவெளிகளைப் போலவே எழுதிப் பழகாததுதான் இதற்குக் காரணம். முதல் குண்டுக்கு முன்னால் இறக்குவதற்கு உயர்ந்த கை இல்லை, பார்ப்பதற்கு முந்தைய குண்டு இல்லை. எனவே அதற்குத் தனியாக ஒரு பத்தி எழுதி வையுங்கள்.

ரேஞ்ச் எப்படிப்பட்டது என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். மின்னணு டார்கெட் உள்ள ரேஞ்சில் கறுப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியும், மாறுவது விளக்கு மட்டுமே. ஆகவே சிவப்பு நேரத்திலேயே கண்ணை நடுவில் நிறுத்தி வைக்கலாம். காகித டார்கெட் திரும்பி மறையும் ரேஞ்சில், கண் நிற்க ஓர் இடம் இராது. சட்டத்தின் நடுவே ஓர் உயரத்தை முன்கூட்டித் தேர்ந்து, அங்கே காத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒன்றில் மட்டுமே பழகியவர் மற்றதில் முதல் சீரிஸை வீணாக்கிவிடுவார்.

எழுதியதை மனத்தில் நடத்துவது

படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு பதக்க மேடையைக் கற்பனை செய்வதற்கு மனப்பயிற்சி என்று பெயரில்லை. எழுந்து, ரேஞ்சில் நிற்கும் நிலையில் நின்று, போட்டிக் காலணியை அணிந்து, உண்மையான நேரத்தில் நடத்துங்கள். செல்போனில் கட்டளைகளை நீங்களே பதிவு செய்துகொள்ளலாம்: ‘லோட்’, ஒரு நிமிட அமைதி, ‘அட்டென்ஷன்’, 7 விநாடி, ஒரு மணியொலி, 3 விநாடி, மறுபடி மணியொலி. முதல் வாரம் வெறும் கையோடு, எழுதிய வாக்கியங்கள் வரிசை பிறழாமல் நடக்கும்வரை செய்யுங்கள். பிறகு காலித் துப்பாக்கியோடு டிரை ஃபயர் செய்யலாம். அதற்கு முன்னால் சேம்பரையும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். அந்த அறையில் ஒரு குண்டுகூட இருக்கக் கூடாது. துப்பாக்கி நோக்கும் சுவருக்கு அப்பால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் விழித்திருக்கும் நேரம் வேண்டாம். .22 ரிம்ஃபயர் துப்பாக்கியை வெறுமனே சுட்டால் ஃபயரிங் பின் சேம்பரின் விளிம்பைத் தாக்கிச் சேதப்படுத்தக்கூடும் என்பதால், டிரை ஃபயர் வசதி உள்ள நிலையிலோ, அதற்கான பிளக்கைப் பொருத்தியோதான் செய்ய வேண்டும்.

மனத்தில் நடத்தும்போது குண்டு எட்டில் விழுவதாகத் தோன்றினால், அந்தக் காட்சியைத் தொடராதீர்கள். நிறுத்திவிட்டு, அந்தக் குண்டின் சிவப்பு விளக்கிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சீரிஸ் போதும். கவனம் சிதறிய பின் செய்வது சிதறலையே பழக்கும்.

தவறு நேரும்போது

கெட்டதைப் பற்றி நினைத்தாலே நடந்துவிடும் என்று அஞ்சி, பலர் இந்தப் பகுதியை எழுதுவதே இல்லை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீட்டர் தகுதிச் சுற்றில் மனு பாகரின் பிஸ்டல் பழுதாகி, அதைச் சரிசெய்வதில் அவர் விலைமதிப்பற்ற நிமிடங்களை இழந்தார். இறுதிச் சுற்று கைநழுவியது. மூன்றாண்டுகள் கழித்துப் பாரிஸில் அதே 10 மீட்டரில் வெண்கலம் வென்றார். அந்த அளவு ஆட்டக்காரருக்கு நேர்வது நமக்கும் நேரும்.

எழுத வேண்டியவை அதிகமில்லை. குண்டு சிக்கினால் துப்பாக்கியைத் தட்டவோ இழுக்கவோ கூடாது; பிடியை விடாமல் அதைச் சுடும் திசையிலேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையை உயர்த்தி ரேஞ்ச் அதிகாரியை அழைக்க வேண்டும். தானாகச் சரிசெய்ய முயன்றவர் விதி தரும் சலுகையை இழப்பார். கை முன்கூட்டி உயர்ந்ததற்காக எச்சரிக்கை வந்தால், அடுத்த சீரிஸில் கையை இன்னும் சற்றுத் தாழ்வாக வைப்பது என்று எழுதி வையுங்கள். வாதாடுவது கோச்சின் வேலை. மோசமான குண்டு ஒன்று விழுந்தால் அடுத்த சிவப்பு விளக்கில் செய்ய வேண்டியது, நல்ல குண்டுக்குப் பின் செய்வதையேதான்: அதே இரண்டு மூச்சு, அதே சொல். ஆறு விழுந்ததே என்று அடுத்த குண்டில் கூடுதல் கவனம் செலுத்துவது நல்லதாகத் தோன்றும். ஆனால் அந்தக் கூடுதல் கவனமே தாளத்தைக் கெடுத்து இன்னொரு ஆறைக் கொண்டுவரும். காரணத்தை ஆராய்வது சீரிஸ் முடிந்த பிறகு, க்ளிக் மாற்ற வேண்டுமா வேண்டாமா என்ற ஒரே கேள்வியோடு நடக்கட்டும்.

பயணமும் போட்டி நாளும்

எல்லையில் வாழ்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உரிமம். அது செல்லுபடியாகும் பரப்பு உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். கேரளத்துக்குள் மட்டும் என்றிருந்தால், கோவையில் பயிற்சி என்று வாளையாரைத் தாண்டித் துப்பாக்கியை எடுத்துச் செல்ல முடியாது. பரப்பை விரிவாக்க விண்ணப்பிப்பதைப் போட்டிக்கு முந்தைய வாரம் வரை ஒத்திவைக்காதீர்கள். ரேஞ்சின் வாசலில் காகிதம் தேடி அலைந்தவர் எவ்வளவு மனப்பயிற்சி செய்திருந்தாலும் முதல் சீரிஸில் அது கைகொடுக்காது.

பாலக்காட்டின் வறண்ட வெயிலில் பழகிய கை, திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் வியர்க்கும். மரப்பிடி வேறு மாதிரி உணர்வைத் தரும். ஒரு துண்டும், முடிந்தால் ஒரு நாள் முன்னதாகச் சென்று அங்கே டிரை ஃபயர் செய்ய ஒரு மணி நேரமும் வேண்டும். காலையில் வழக்கமாக உண்பதையே உண்ணுங்கள். தினமும் காபி குடிப்பவர் அன்று மட்டும் நிறுத்துவதும், குடிக்காதவர் அன்று மட்டும் குடிப்பதும் கையில் தெரியும். பிரிசிஷனுக்கும் ரேப்பிடுக்கும் இடையே நீண்ட இடைவேளை வரலாம். சில போட்டிகளில் இரண்டும் வெவ்வேறு நாளில்கூட நடக்கும். அந்த நேரத்தில் ஸ்கோர் பலகை முன் நிற்பவர்கள் கூட்டிக் கழித்துச் சொல்லும் கணக்குகள் காதில் விழாதபடி தள்ளி உட்கார்ந்து, பின்சைட்டை நோட்டைப் பார்த்து மாற்றி, அதை மாற்றிவிட்டதாக ஒரு கோடு போட்டு, ரேப்பிடுக்கு எழுதிய பத்தியை ஒருமுறை மெதுவாகப் படியுங்கள்.

இறுதிச் சுற்றுக்குத் தேர்வானால் அதற்குத் தனித் திட்டம் வேண்டும். பாரிஸ் 2024-இல் பெண்கள் 25 மீட்டர் இறுதிச் சுற்று முழுவதும் ரேப்பிட் முறையிலேயே நடந்தது, எட்டுப் பேரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள், 10.2 அல்லது அதற்கு மேல் விழுந்தால் மட்டுமே அது ஒரு வெற்றி, 10.1 விழுந்தாலும் கணக்கில் இல்லை. தகுதிச் சுற்றில் ஒன்பது ஒரு கௌரவமான குண்டு. இங்கே அது ஒன்றுமே இல்லை. இதைக் கேட்டவுடன் குறியை இன்னும் திருத்தத் தோன்றும், குண்டு தாமதமாகும். ஆகவே இறுதிச் சுற்றுப் பயிற்சியில் வளையக் கணக்கை விட்டுவிட்டு, பத்தாம் வளையத்தில் விழுந்ததா இல்லையா என்று மட்டும் குறித்துக்கொண்டு, தகுதிச் சுற்றுக்கு எழுதிய அதே விநாடிக் கணக்கிலேயே சுடுங்கள். கூட்டத்தின் கைத்தட்டலும் அறிவிப்பாளரின் குரலும் சேர்ந்த ஒலிப்பதிவை ஓடவிட்டுக்கொண்டு வாரம் ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள்.